தானுந்துப் பொறியின் எண்ணெய் அளவு

தானுந்துப் பொறியின் எண்ணெய் அளவு என்பது ஒரு தானுந்தின் உள் எரி பொறி பழுதின்றி இயங்குவதற்கு அதனுள் இருக்க வேண்டிய மசகெண்ணெயின் கனஅளவு ஆகும். பேச்சு வழக்கில் இது எஞ்சின் ஆயில் அளவு எனப்படுகிறது. நான்கு உருளைகள் கொண்ட சிறிய பெட்ரோல் பொறிகள் பெரும்பாலும் 3 முதல் 4.5 லிட்டர் வரை எண்ணெய் கொள்கின்றன. கனரகச் சரக்குந்துகளின் டீசல் பொறிகளுக்கு 10 லிட்டருக்கும் மேல் தேவைப்படும். எண்ணெய் குறைந்தால் பொறி கெடும் என்பது பலரும் அறிந்தது. அளவுக்கு மிஞ்சினாலும் பொறி கெடும்.

எண்ணெயின் சுற்றோட்டம்

பொறியின் அடிப்பகுதியில் உள்ள எண்ணெய்த் தொட்டி பட்டறைகளில் ஆயில் சம்ப் என்று அழைக்கப்படுகிறது. இத்தொட்டியில் தேங்கும் எண்ணெயை ஒரு குழாய் வழியாக எண்ணெய் பம்பு உறிஞ்சி, வடிகட்டியின் ஊடாகத் தாங்கிகளுக்கும் பொறியின் மேற்பகுதிக்கும் செலுத்துகிறது. பின்னர் எண்ணெய் தானாக வடிந்து மீண்டும் தொட்டியை அடைகிறது. வேகமாக ஓடும் பொறியில் மொத்த எண்ணெயும் நிமிடத்திற்குப் பல முறை சுற்றி வரும். உராய்வைக் குறைப்பதுடன், வெப்பத்தை அகற்றுவதும் கசடுகளைச் சுமந்து செல்வதும் எண்ணெயின் பணிகளாகும்.

மூன்று அளவுகள்

ஒரே பொறிக்கு மூன்று வெவ்வேறு அளவுகள் குறிக்கப்படுவதுண்டு.

1. உலர் கொள்ளளவு: புதிதாகப் பூட்டப்பட்ட, எண்ணெயே படாத பொறியை நிரப்பத் தேவையான அளவு.
2. வடிகட்டியுடன் மாற்றும் அளவு: பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியையும் மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு.
3. வடிகட்டி இன்றி மாற்றும் அளவு: எண்ணெயை மட்டும் வடித்து மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு.

எண்ணெயை எவ்வளவு நேரம் வடித்தாலும் உள் வழிகளிலும் சுவர்களிலும் சிறிதளவு தங்கிவிடும். எனவே இரண்டாம் அளவு முதல் அளவை விடக் குறைவாகும். வடிகட்டி தன்னுள் சிறிதளவு எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதால் மூன்றாம் அளவு மேலும் குறைகிறது. எடுத்துக்காட்டாக, இவ்வளவுகள் முறையே 3.9, 3.5, 3.2 லிட்டர் என்று கொள்வோம். வடிகட்டியுடன் எண்ணெய் மாற்றுபவர் உலர் கொள்ளளவைப் பார்த்து 3.9 லிட்டர் ஊற்றினால் 0.4 லிட்டர் மிகையாகிவிடும்.

அளவுக்கம்பியும் கணக்கீடும்

டிப் ஸ்டிக் எனப்படும் அளவுக்கம்பியில் கீழ்க் குறி, மேல் குறி என இரு குறிகள் உள்ளன. பல தானுந்துகளில் இவ்விரு குறிகளுக்கு இடைப்பட்ட அளவு ஏறத்தாழ 1 லிட்டர் ஆகும். எண்ணெய் மட்டம் இவற்றுக்கு இடையே இருத்தல் வேண்டும்.

தொட்டியின் நீளம் 30 செ.மீ., அகலம் 20 செ.மீ. என்று கொண்டால் அதன் பரப்பு 600 சதுர செ.மீ. ஆகும். மட்டம் 1 மி.மீ. உயர்ந்தால் 60 மி.லி. எண்ணெய் கூடியுள்ளது என்று பொருள். 1 லிட்டருக்கு உரிய உயரம் சுமார் 17 மி.மீ. ஆகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் மிகையான 0.4 லிட்டர், மேல் குறிக்கு மேலே சுமார் 7 மி.மீ. உயர்ந்து நிற்கும்.

அளவிடும்போது பின்வரும் காரணங்களால் பிழை நேரலாம்.

சரிவு: அளவுக்கம்பி தொட்டியின் நீளவாக்கில் ஓர் ஓரத்தில் இருப்பதாகவும், அத்திசையிலேயே வண்டி 3 பாகை சாய்ந்திருப்பதாகவும் கொள்வோம். நடுப்பகுதியிலிருந்து 15 செ.மீ. தொலைவில் உள்ள அக்கம்பியில் மட்டம் சுமார் 8 மி.மீ. மாறித் தெரியும். இது ஏறத்தாழ அரை லிட்டர் பிழைக்குச் சமம். எனவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தியே அளக்க வேண்டும்.

வடியும் நேரம்: பொறியை நிறுத்திய உடன் எண்ணெயின் ஒரு பகுதி மேற்பகுதியிலேயே இருக்கும். பொதுவாக 5 முதல் 10 நிமிடங்கள் காத்திருந்து அளப்பது வழக்கம்.

வெப்பம்: மசகெண்ணெயின் கனஅளவு ஒவ்வொரு செல்சியசு பாகைக்கும் சுமார் 0.07 விழுக்காடு விரிவடைகிறது. 3.5 லிட்டர் எண்ணெய் 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ 150 மி.லி. கூடுதலாகத் தெரியும். சூடாக அளப்பதா, குளிர்ந்தபின் அளப்பதா என்பதை வண்டியின் கையேடே தீர்மானிக்கிறது.

குறைவும் மிகையும்

எண்ணெய் குறைந்த வண்டி திடீரென நிற்கும்போதோ வளைவில் திரும்பும்போதோ எண்ணெய் ஒருபுறம் ஒதுங்குவதால், உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கக்கூடும். அப்போது தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசும். முகப்பில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கு பெரும்பாலான வண்டிகளில் அழுத்தத்தையே காட்டுகிறது, மட்டத்தைக் காட்டுவதில்லை. அது எரியும் முன்னரே தேய்மானம் தொடங்கியிருக்கலாம்.

எண்ணெய் மிகுந்தால், சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயில் மோதி அதை நுரைக்கச் செய்கிறது. காற்றுக் குமிழ்கள் அழுத்தத்தால் சுருங்கக்கூடியவை. எனவே நுரைத்த எண்ணெய் தாங்கிகளைச் சரிவரத் தாங்குவதில்லை. மேலும் அடைப்பு வளையங்களின் வழியே எண்ணெய் கசியலாம். எரியறைக்குள் சென்று புகையாக வெளியேறி, வினையூக்கி மாற்றியையும் பழுதாக்கலாம்.

ஊற்றாமலேயே மட்டம் உயர்வது ஓர் எச்சரிக்கை ஆகும். நீரோ எரிபொருளோ எண்ணெயில் கலந்திருக்கலாம். 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் நேர்ந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் இதைச் சோதிப்பது இன்றியமையாதது. நீர் கலந்த எண்ணெய் பால் கலந்தது போல வெளிறித் தோன்றும். அத்தகைய பொறியை இயக்கிப் பார்ப்பது பெருஞ்சேதத்தை உண்டாக்கும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியில்

மசகெண்ணெயின் பிறப்பு முதல் கழிவு வரை தொடர்புடைய தொழில்கள் சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் அமைந்துள்ளன. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலியில் 1965 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மதராசு ரிபைனரீசு, 2000 ஆம் ஆண்டில் சென்னைப் பெட்ரோலியக் கழகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. மசகெண்ணெய்க்கான மூல எண்ணெய்கள் இங்கு தயாரிக்கப்பட்டுள்ளன. எண்ணூரில் அசோக் லேலண்ட் சரக்குந்துகள் உருவாயின. திருவள்ளூரில் இந்துசுத்தான் மோட்டார்சு நிறுவனம் 1998 இல் மிட்சுபிசி லான்சர் தானுந்தை உற்பத்தி செய்யத் தொடங்கியது. பின்னர் அத்தொழிற்சாலையில் சிட்ரோயன் தானுந்துகள் தயாராயின.

சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் உள்ள கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. தீங்கான தொழிற்கழிவுகளைக் கையாளும் நிலையமும் அங்கு உள்ளது. ஒரு பொறியில் ஊற்றப்படும் எண்ணெயில் பெரும்பகுதி, சில ஆயிரம் கிலோமீட்டர்களுக்குப் பின் கழிவாக வெளிவருகிறது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு தீங்கான கழிவு விதிகளின்படி பழைய எண்ணெயை நிலத்திலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் உற்பத்தியாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தேவைக்கு மேல் ஊற்றிப் பின் வடித்தெடுக்கும் எண்ணெயும் இக்கழிவோடு சேர்கிறது.

2023 இல் அறிமுகமான சிட்ரோயனின் மின் தானுந்தும் திருவள்ளூர்த் தொழிற்சாலையில் உருவானதே. அதில் உள் எரி பொறி இல்லாததால் பொறி எண்ணெய் தேவையில்லை. பற்சக்கரப் பெட்டிக்கு மட்டும் எண்ணெய் வேண்டும்.