குளிர் தாங்காப் பனையினங்களும் நம் பிரதேசத்துச் சாகுபடியும்

பனை, தென்னை, கமுகு, ஈச்சு ஆகிய நான்கும் தமிழ் நாட்டுக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்த மரங்கள். இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் உலகெங்கும் ஏறக்குறைய 2,500 இனங்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை உஷ்ணப் பிரதேசங்களுக்கே உரியவை. உறைபனியை ஓர் இரவேனும் தாங்கக்கூடியவை மிகச் சிலவே. திருக்கழுக்குன்றம் தாலூகாவில், விசேஷமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கிராமங்களில், அழகுக்காகவும் நாற்று விற்பனைக்காகவும் அன்னியப் பனைக் கன்றுகளை வாங்கி நடும் வழக்கம் பரவியிருக்கிறது. நிறைந்த விலை கொடுத்து வாங்கிய கன்று இரண்டாவது கோடையில் கருகிப் போனால், "அது குளிர் தாங்காத ஜாதி" என்று விற்றவர் சொல்லிவிடுகிறார். வாங்கியவரும் அதை நம்பிவிடுகிறார். உண்மையில் இப்பிரதேசத்தில் குளிரினால் மாண்ட பனை அபூர்வம். எக்காரணத்தால் மாண்டது என்று அறியாமல் மறுபடியும் கன்று வாங்குவது வீண் செலவேயாகும்.

குளிர் ஒரு பனையை எவ்விதம் கொல்லுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மாமரத்தின் கிளை பட்டுப்போனால் வேறோர் இடத்தில் துளிர்க்கும். ஒற்றைத் தண்டாய் வளரும் பனையினங்களுக்கு அந்த வசதி கிடையாது. தலையிலுள்ள ஒரே குருத்துத்தான் அதன் உயிர்நிலை. குருத்து அழிந்தால் மரம் முடிந்தது. உஷ்ணப் பிரதேசப் பனைகளுக்கு உறைபனி வேண்டுமென்பதில்லை. 10 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குக் கீழே பல நாள் தொடர்ந்து நின்றாலே போதும், வேர்கள் நீரையும் சத்தையும் உறிஞ்சுவது நின்றுவிடும். மண்ணில் சாம்பற்சத்து இருந்தும் மரத்திற்கு அது கிட்டாது. இவ்வாறு தளர்ந்த மரத்தின் குருத்தில் பூஞ்சணம் புகுந்து அழுகலை உண்டாக்கும். குளிர் நீங்கி ஒன்றிரண்டு மாதம் சென்றபின் நடுக்குருத்து கையோடு வந்துவிடுவதைக் கண்டு, வெயிலால் நேர்ந்ததென்று எண்ணுவோர் உண்டு. நோய்க்கு வித்து முன்னமே விழுந்துவிட்டது.

சீதோஷ்ண வேறுபாட்டின் பலனைக் கண்ணாரக் காண விரும்புவோர் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்குச் சாலை வழியாக ஒரு முறை செல்வது நலம். ஆயிரம் அடி உயரத்திற்கு ஏறக்குறைய 2 டிகிரி வீதம் உஷ்ணம் குறைந்துகொண்டே போகும். அடிவாரத்துக் கல்லாற்றில் கமுகந் தோப்புகள் செழித்து நிற்கின்றன. அதற்கு மேல் பர்லியாற்றில் அரசாங்கப் பழத்தோட்டம் இருக்கிறது. ஜாதிக்காயும் மங்குஸ்தானும் விளையும் அவ்விடத்தின் ஈரமும் மிதமான உஷ்ணமும் பல பனையினங்களுக்கு உகந்தவை. சுமார் 6,000 அடி உயரத்திலுள்ள குன்னூரில் தென்னையைக் காண முடியாது. 7,000 அடிக்கு மேற்பட்ட உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படியும். அங்கே சீன தேசத்து மலைப்பனை போன்ற, உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி வரையிலும் தாங்கும் இனங்களே பிழைக்கும். முப்பது மைல் சொச்சம் கொண்ட ஒரே சாலையில் இத்தனை வேறுபாடு! ஒரு கன்று எந்த உயரத்திலுள்ள நாற்றங்காலில் வளர்க்கப்பட்டது என்பதைக் கேளாமல் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

இனி, ஒரே குலத்தைச் சேர்ந்த இரண்டு பனைகளைக் கவனிப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாகத்தில், செங்குத்தான பாறைச் சரிவுகளில், 3,000 அடிக்கு மேல் வளர்வது வரைக்கமுகு. யானைகள் இதன் குருத்தை விரும்பித் தின்னும். அவை ஏற முடியாத சரிவுகளிலேயே இது மிஞ்சியிருக்கிறது. இதன் உடன்பிறப்பான நிக்கோபார் பனை கடல் சூழ்ந்த தீவுகளின் வெப்பத்திலும் ஈரத்திலும் வளர்வது. சொந்த நிலத்தில் இரண்டும் அருகிவருகின்றன. முன்னதைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் இரவு வெப்பம் தாங்காமல் நலியும். பின்னதை மலைக்குக் கொண்டுபோனால் முதற் குளிர்காலத்திலேயே மடியும். திருக்கழுக்குன்றம் பகுதிக்கு ஏற்றது நிக்கோபார் பனையே. நீர்வசதியும் சற்றே காற்று மறைவும் உள்ள இடத்தில் நேராகவும் விரைவாகவும் வளரும்.

செந்தண்டுப் பனை என்பது வேறு விதம். மலேயா, சுமத்திரா, போர்னியோ நாடுகளின் சதுப்பு நிலங்களில் தூறாக வளரும் இதன் மட்டையடிகள் அரக்கு நிறமாய்ச் சிவந்திருக்கும். மலாய் மொழியில் இதற்கு "ராஜ கமுகு" என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. சிங்கப்பூரில் உஷ்ணம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றில் ஈரமும் என்றும் குறையாது. அங்கே சாலையோரத்தில் வளரும் இம்மரத்தைச் செங்கற்பட்டுச் செம்மண் மேட்டில் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை ஒரு குடம் தண்ணீர் வார்த்துவிட்டுப் பிழைக்கவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.

இப்பிரதேசத்தில் தை மாதத்து இரவுகளிலும் உஷ்ணம் சராசரியாக 20 டிகிரியளவில் நிற்கும். ஆகவே குளிர் பற்றிய கவலை இங்கு வேண்டுவதில்லை. கன்றுகளைக் கொல்வது மேல்காற்று. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் முற்பகல் முழுதும் மேற்கிலிருந்து வீசும் உலர்ந்த அனற்காற்று, வேர் அனுப்பக்கூடிய நீருக்கு மேலாக இலையிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிறது. 2003-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. மலேயச் சதுப்பில் பிறந்த இலை அத்தகைய நாளை அறியாது. இரண்டாவது பகை உப்பு. சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கரையோர மணலில் கடற்காற்றோடு வரும் உப்புத் துளிகள் இலை நுனியைக் கருக்கும்; கோடையில் கிணற்று நீரும் உவர்க்கும். மூன்றாவது, கார்த்திகை மழையில் தாழ்ந்த நிலங்களில் வாரக்கணக்காகத் தேங்கும் நீர். தென்னையும் பனையும் இம்மூன்றையும் ஓரளவு தாங்கும். வந்த விருந்தாளிகள் அவ்விதமல்ல.

ஆகையால் இடத் தேர்வே பாதி சாகுபடி என்று கொள்ளலாம். மேற்கே மாந்தோப்போ புளியமரங்களோ மறைவாய் நிற்கும் நிலம் முதல் தரம். ஏரிக்கரைக்கு உட்புறமின்றி வெளிப்புறத்தில், கசிவுநீர் எட்டும் தூரத்தில், ஆனால் தண்ணீர் தேங்காத மேட்டில் நடுவது சிறப்பு. கடற்பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் கிழக்கே மூன்று நான்கு வரிசை சவுக்கு வைத்து, அது ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்த பின்னரே உள்ளே பனைக் கன்று வைக்க வேண்டும். 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்ததை இப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள். வேர் பிடிக்காத உயரக் கன்றுகள் அத்தகைய காற்றில் நிற்கமாட்டா. விலை குறைந்த சிறு கன்றே நல்லது.

நடும் பருவம் பற்றி ஒரு வித்தியாசம் உண்டு. குளிர்ப் பிரதேசங்களில், வேர் ஊன்ற ஒரு முழுக் கோடை கிடைக்கும்படி சித்திரையில் நடுவர். இங்கோ கோடைதான் பகையாதலால், வெயில் தணிந்த ஆடி, ஆவணி மாதங்களில் நட்டு, ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கச் செய்ய வேண்டும். மூன்றடிச் சதுரக் குழியில் மேல்மண்ணும் ஏரி வண்டலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பலாம். பச்சைச் சாணம் இடலாகாது. கன்று நாற்றங்காலில் இருந்த மட்டத்திற்கு மேல் மண் அணைத்தால் அடித்தண்டு அழுகும். முதல் இரண்டு கோடைகளுக்குக் கீற்றுப் பந்தல் அவசியம். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றருகே புதைத்து நீர் நிரப்பி வந்தால், வார்க்கும் நீர் ஆவியாகாமல் வேருக்கே சேரும். தூரைச் சுற்றித் தென்னை நாரோ சருகோ பரப்புவது நலம்.

அழகு கருதி அடிமட்டைகளை அடிக்கடி வெட்டும் பழக்கம் பரவியிருப்பது வருந்தத்தக்கது. சாம்பற்சத்துக் குறைந்த மண்ணில் பனைகள் தம் பழைய மட்டைகளிலுள்ள சத்தை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகின்றன. பழைய இலைகளில் மஞ்சளும் ஆரஞ்சுமான புள்ளிகள் தோன்றுவது அதன் அடையாளம். அப்பொழுது மட்டையை வெட்டுவது, பசித்தவன் கையிலுள்ள சோற்றைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். மழைக்கு முன்பு சாம்பற்சத்து உரமிட்டு, முற்றும் காய்ந்த மட்டையை மட்டும் நீக்க வேண்டும்.

கொட்டை போட்டு வளர்ப்போருக்கு ஒரு குறிப்பு. பனங்கிழங்கு எடுத்துப் பழகியவர்கள் இதை எளிதில் உணர்வர். பனங்கொட்டையின் முளை முதலில் மேலே வராது. தண்டுபோல் மண்ணுக்குள் இறங்கி ஆழத்தில் கிழங்காய்த் திரண்டு, அதன் பின்னரே இலை விடும். கடல் தேங்காய் எனப்படும் இரட்டைத் தேங்காயும் கொட்டைக்குத் தொலைவில் முளைவிடும் இவ்வகையினதே. இவற்றை ஆழமற்ற தொட்டியில் போட்டுப் பின் பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். மேலும், உஷ்ண ஈரப் பிரதேசத்துப் பனை விதைகள் உலர்ந்தால் உயிரிழந்துவிடும். ஈச்சைச் சுற்றத்தின் இயல்பு வேறு: யூதேயா பாலைவனத்து மசாதா கோட்டையில் கிடைத்த, ஈராயிரம் ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-ஆம் வருஷம் முளைத்தது. இதைக் கேள்வியுற்றுச் செந்தண்டுப் பனை விதையை அஞ்சறைப் பெட்டியில் காயவைப்பது தவறு.

ஹௌரா தாவரத் தோட்டத்தில் 1894-ஆம் வருஷம் ஊன்றப்பட்ட இரட்டைத் தேங்காய் மரம் பூப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. அது பெண்மரம், தாய்லாந்திலிருந்து மகரந்தம் தருவித்து இட்டபின்பே காய் பிடித்தது. வங்காளத்துக் குளிர்காலம் நம்முடையதைவிடக் கடுமையானது. இரவு குளிர்ந்தாலும் பகலில் மண் சூடேறும் இடத்தில், குளிர் தாங்காத மரமும் நிலைக்கக்கூடும் என்பதற்கு அம்மரம் உதாரணம்.

நிலச்சுவான்தார்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது, புதிய கன்றோடு வரும் பூச்சிகளை. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த சுருள் வெள்ளை ஈ 2016-ஆம் வருஷம் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாய்க் காணப்பட்டு, பின் தென்னை வளரும் இடமெங்கும் பரவிற்று. அழகுப் பனைகளிலும் அது தங்கும். ஒருவர் வேடிக்கைக்கு வாங்கிய பத்துக் கன்றுகளால் ஊரார் தென்னந்தோப்பு முழுதும் கெடலாம். வாங்குமுன் இலையின் அடிப்புறத்தை நோக்கி, வெண்ணிறச் சுருள்கள் இருப்பின் மறுத்துவிட வேண்டும். ஈ கண்டால் வீரியமான மருந்துகளைத் தெளித்தல் கூடாது. அதை அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியும் உடன் மாளும். காண்டாமிருக வண்டிற்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து மட்டை இடுக்குகளில் இடலாம். குருத்தழுகல் கண்டால் அழுகிய பாகத்தைச் செதுக்கி நீக்கி, துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, நீர் 100 லிட்டர் என்ற விகிதத்தில் தயாரித்த போர்டோக் கலவையைக் குருத்தில் ஊற்ற வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்குத் தாளிப்பனையைப் பற்றியும் கூறவேண்டியிருக்கிறது. குடைப்பனை என்றும் பெயர் பெற்ற இதன் ஓலை மெல்லியது, அகலமானது, நெடுநாள் உழைப்பது. ஏடெழுத விரும்பப்பட்ட சீதாளம் இதுவே. ஒரே ஓலையைப் பலர் கூடாரமாய்ப் பிடித்து மழைக்கு ஒதுங்கியதை, இலங்கையில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில் வர்ணித்திருக்கிறார். இம்மரம் 30 முதல் 80 ஆண்டுகள் வளர்ந்து ஒரே தடவை பூக்கும். உச்சியில் எழும் பூங்கொத்து இருபதடிக்கு மேலும் உயரும். காய்கள் முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். பின் மரம் பட்டுப்போகும். தென் கன்னடம் முதலிய சில இடங்களில் பூத்த தாளிப்பனை ஊருக்கு ஆகாதென்று வெட்டிவிடுவதுண்டு. அப்படி வெட்டினால், ஒரு தலைமுறை காத்திருந்து கிடைத்த ஒரே விளைச்சல் போய்விடும். பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று தமிழ்நாடு அரசு 2021-ஆம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததோடு, 76 லட்சம் பனங்கொட்டைகள் வழங்கும் திட்டத்தையும் வெளியிட்டது. தாளிப்பனைக்கோ ஊரார் காட்டும் அக்கறையே காவல்.

புறம்போக்கில் நிற்கும் தாளிப்பனை பூத்தால், காய் முற்றும்வரை ஒருவரும் அதைத் தொடாதபடி கிராம நிர்வாகத்தார் பார்த்துக்கொள்ள வேண்டும். விழும் காய்களை உடனுக்குடன் பொறுக்கிச் சதையை நீக்கி, நிழலில் ஈர மணலில் வைத்திருந்து, ஆடி மழையில் ஏரிக்கரையின் வெளிச்சரிவில் இருபத்தைந்தடிக்கு ஒன்றாக ஊன்றலாம். முளைக்கப் பல மாதமாகும். அடிமரம் வெளியே தெரியப் பல ஆண்டு செல்லும். அதுவரை ஆடு மேயாமலும், கரைப் புல்லுக்கு வைக்கும் தீ எட்டாமலும் முள்வேலியிட்டுக் காக்க வேண்டும். தாய்மரம் பட்டபின் அதை நிற்க விடலாகாது. காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் அதில் பெருகிப் பக்கத்துத் தென்னைகளுக்குப் பரவுமாதலால், தகுந்த அனுமதி பெற்று வெட்டித் துண்டாக்கி, அடிக்கட்டையோடு எரித்துவிட வேண்டும்.