தீபாவளிச் சுத்தம்: பழைய பெட்டியைத் தூக்கிப் போடுமுன் திறந்து பாருங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரிக்கு வேலை கூடிவிடும். கட்டிப் போட்ட நாளிதழ்கள், பிள்ளைகளின் பழைய பள்ளிப் புத்தகங்கள், ஓடாத மின்விசிறி எல்லாம் வாசலுக்கு வந்து சேரும். அந்தக் கட்டுகளுக்கு நடுவே பாட்டியின் பிறப்புப் பத்திரமோ தாத்தாவின் சேமிப்புப் புத்தகமோ போய்விடுவதும் உண்டு. பாத்திரம் போனால் வேறு வாங்கலாம். சில தாள்கள் போனால், அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

தமிழர் மரபில் பழைய பொருள்களைக் கழிக்கும் நாள் போகி. ஆனால், மலேசியாவில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வது பெரும்பாலும் தீபாவளிக்குத்தான். பொது விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது. உறவினர்களோடு மலாய், சீன நண்பர்களும் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறார்கள். அதனால் கடைசி வாரத்தில், முறுக்குச் சுடுவதற்கும் சாயம் அடிப்பதற்கும் இடையே, அவசர அவசரமாகப் பொருள்கள் வெளியே போகின்றன. அந்த அவசரம்தான் ஆபத்து.

எந்தத் தாள்களைக் காக்க வேண்டும்?

தோட்டத்தில் இருந்து வெளியேறி அடுக்குமாடிக்கோ தாமானுக்கோ வந்த குடும்பங்களில், முக்கியமான தாள்கள் எல்லாம் பிஸ்கட் டின்னிலோ இரும்புப் பெட்டியிலோ ஒன்றாகத் திணிக்கப்பட்டிருக்கும். அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆளைக் காட்டும் தாள்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், இறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, தாத்தா கப்பலில் வந்தபோது வைத்திருந்த கடப்பிதழ், தமிழ்ப்பள்ளி விடுகைச் சான்றிதழ் ஆகியவை இதில் அடங்கும். இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்கள் உள்ள வீட்டில் இவை மிக முக்கியம். 31.8.1957-க்கு முன் இங்கே பிறந்து, குடியுரிமை பெறாமல் போனவர்கள் கூட்டரசு அரசியலமைப்பின் 16ஆவது பிரிவின்கீழ் அதற்கு விண்ணப்பிக்கலாம். இங்கே வசித்த காலம், நன்னடத்தை, அடிப்படை மலாய் மொழி அறிவு ஆகியவை நிபந்தனைகள். அவற்றுக்கெல்லாம் முன்னால் எழும் கேள்வி, இங்கேதான் பிறந்தார் என்பதற்கு என்ன சான்று என்பது.

பெயர்ச் சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் பிறப்பைப் பதியும்போது, காதில் விழுந்தபடி பெயரை எழுதிய கிராணிகள் உண்டு. பத்திரத்தில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட மூன்று தாள்களும் தேவை. பிழையாக இருக்கிறது என்று எதையும் கிழித்துப் போடக் கூடாது.

இரண்டாவது, பணத்தைக் காட்டும் தாள்கள். பழைய இபிஎஃப் அறிக்கை, சொக்சோ கடிதம், காப்புறுதிப் பத்திரம், வங்கிச் சேமிப்புப் புத்தகம் ஆகியவை. ஏழு ஆண்டுகள் போடுவதும் எடுப்பதும் இல்லாமல் கிடக்கும் வங்கிக் கணக்கின் பணம், 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டத்தின்கீழ் அரசாங்கப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது. பணம் காணாமல் போவதில்லை. உரியவரோ, அவர் இறந்திருந்தால் வாரிசோ, ஆவணங்களைக் காட்டிக் கோரலாம். நைந்துபோன சேமிப்புப் புத்தகத்தில் உள்ள கணக்கு எண்ணே அந்தத் தேடலுக்குத் தொடக்கமாகலாம்.

மூன்றாவது, உடைமையைக் காட்டும் தாள்கள். நிலப் பட்டா, வீட்டுக் கடன் முடிந்த கடிதம், கூட்டுறவுப் பங்குச் சான்றிதழ் ஆகியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்க வேண்டும் என்று துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். சம்பளத்தில் பிடித்துப் பிடித்துப் பங்கு சேர்த்த பாட்டாளிகள் பலர் இன்று இல்லை. அவர்களின் சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

பெரியவரை உட்கார வைத்துப் பிரியுங்கள்

பெட்டியைத் திறக்கும்போது அதற்கு உரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு பாயை விரித்து, 'வைக்க வேண்டியது', 'கேட்டுப் பார்க்க வேண்டியது', 'போட வேண்டியது' என்று மூன்று குவியலாகப் பிரிக்கலாம். பழைய மின்கட்டண ரசீதைத் தாராளமாகப் போடலாம். அடையாள அட்டை எண் உள்ள தாளைக் கிழித்த பிறகே போட வேண்டும். சந்தேகம் உள்ளதை நடுக்குவியலில் வைத்துவிட்டு, தீபாவளி முடிந்த பிறகு விசாரிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். வைக்க வேண்டியதை ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைப்பது நல்லது. வெள்ளம் ஏறினாலும் கரையான் வந்தாலும் தப்பிக்கும். ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம். படம் மூலத்தாளுக்கு ஈடாகாது. ஆனால், தாள் தொலைந்தால் அதில் இருந்த எண்ணாவது மிஞ்சும்.

மற்றப் பொருள்கள்

தாள்கள் பத்திரமான பிறகு மற்றதில் கை வைக்கலாம். ஒரு வாரக் கடைசிக்கு ஓர் அறை என்று வைத்துக்கொண்டால் நான்கு வாரத்தில் வீடு முடிந்துவிடும். காலாவதியான மருந்துகளைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல், அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக் மருந்தகத்தில் கொடுத்துவிடலாம். வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கொளுத்தினால், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வரலாம்.

ஜொகூர், பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் முதல் கட்டாயம். பழைய மெத்தை, நாற்காலி போன்ற பெரிய பொருள்களை எந்த நாளில் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு வாசலில் வைப்பது நல்லது.

வெளியே வைத்த பழைய டின், வாளி, டயர் மழையில் நனைந்தால், ஏடிஸ் கொசு முட்டையிட இடம் கிடைத்துவிடும். முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். காய்ந்த பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும்.

வீடு பளபளப்பது ஒரு வாரம் இருக்கும். பெட்டியில் இருந்து மீட்ட ஒரு தாள், அடுத்த தலைமுறையின் உரிமைக்கே சான்றாக நிற்கலாம். லோரி உங்கள் வீதிக்கு வருவதற்குள் அந்தப் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.