இரதியின் கண்ணுக்கு மட்டும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தென்படும் காலத்தில், இலங்கை மலையகத்தின் அட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த ஜனங்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கூடிக் காமனுக்குக் கம்பம் ஊன்றுகிறார்கள். பௌர்ணமியை ஒட்டி, தப்பு முழங்க விடிய விடிய நடக்கும் கூத்தில், அந்தக் காமன் பரமசிவனுடைய நெற்றிக்கண்ணால் தகனமாகிறான்.

காமத்தைத் தவம் ஜயித்த கதை என்று பௌராணிகர்கள் இதற்கு வியாக்கியானம் செய்வது வழக்கம். மலையகத்துக் கூத்தோ, என் அபிப்பிராயத்தில், அந்தத் தத்துவத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தபோபங்கம் செய்யும்படி தேவர்கள் ஏவ, போகவேண்டாமென்று மனைவி இரதி மன்றாட, மேலிடத்து உத்தரவைத் தட்டமாட்டாமல் மதனாகிய காமன் புறப்படுவதும், சாம்பலான கணவனுக்காக அவள் (விரதமிருந்து பெண்வேஷம் கட்டிய ஆடவன்தான்) ஒப்பாரி வைப்பதுமே அங்கே பிரதானம். வேலைக்கு ஆள் திரட்டும் பிரட்டுக்களத்தில் பேர் போட்டதும் மழையென்றும் அட்டையென்றும் பாராமல் மலையேறியாகவேண்டிய ஜனங்களுக்கு, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவனே எரிந்துபோகும் கதை அந்நியமாகத் தோன்றுமா? தஞ்சாவூர்ப் பக்கத்திலோ, மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து லாவணி பாடி வாதாடுவார்கள். அழுகிற இரதிக்கு அந்தத் தர்க்கத்தால் என்ன பிரயோஜனம்?

அவளுடைய பிரலாபத்துக்கு இரங்கிய ஈசன் அளித்த வரம் விசித்திரமானது: மதன் பிழைத்தெழுவான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தென்படுவான். தோட்டத்து ஜனங்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. 1947-ல் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை முதலியோரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இந்த இந்திய வம்சாவளி ஜனங்களில் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்க, அடுத்த வருஷத்துத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறிக்க, பெற்றவர் கண்ணுக்கும் கட்டியவள் கண்ணுக்கும் இருந்தவர்கள் ராஜாங்கத்தின் கண்ணுக்கு இல்லாமற் போனார்கள். 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இரு தேசங்களும் பாதி பாதியாக்கிக்கொண்டன. தாய் இங்கே, மகள் அங்கே என்று குடும்பங்கள் பிரிய, தலைமன்னார்க் கப்பலுக்கு ஆள் ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலையகத்தார் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. அதில் உறவினரை ஏற்றிவிட்டு லயத்துக்குத் திரும்பியவர்கள் அடுத்த மாசியில் இரதியின் ஒப்பாரியைப் புராணமென்றா கேட்டிருப்பார்கள்?

எஞ்சிய நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை கிட்டியது 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான். இப்பொழுது பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் பிழைக்கப் போய்விடுகிறபடியால், மதனுக்கும் இரதிக்கும் வேஷம் கட்ட ஆள் தேடவேண்டியிருப்பதே கூத்துப் பழக்கும் பெரியவர்களுடைய குறை.