அஞ்சுநாட்டுக்கு ஒரு பயணம்

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நமக்கு உறவினர் வீடு, கோயில், ஜவுளிக்கடை என்றே நாட்கள் ஓடிவிடுகின்றன. அடுத்த முறை இரண்டு நாட்களை ஒதுக்கி, உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் மலைச்சாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சுமார் 40 கிலோமீட்டரில் மறையூர் வரும். இது கேரளத்தின் இடுக்கி மாவட்டம்.

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பர். முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது இங்குள்ள பழங்குடும்பங்களின் வழிவழிச் செய்தி. மாநிலம் கேரளம் என்றாலும் அவர்கள் வீட்டுமொழி தமிழ். ஆறும் அப்படித்தான். கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு இங்கிருந்து இறங்கி, அமராவதியாகிக் காவிரியில் கலக்கிறது.

வழியில் 1984-இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு சரணாலயம் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் மழையை உயர்ந்த மலைகள் தடுத்துவிடுவதால் இது வறண்ட முட்காடு. சாம்பல் நிற மலை அணிலையும் நட்சத்திர ஆமையையும் இங்கே காணலாம். யானைகள் நடமாடும் பாதை என்பதால் பகலிலேயே பயணம் செய்யுங்கள். மறையூரில் இயற்கையாக வளர்ந்த சந்தனக் காடும், பெருங்கற்காலத்து மக்கள் கற்பலகைகளால் அமைத்த 'முனியறை'களும் உண்டு.

பிள்ளைகள் மறக்காமல் இருக்கப்போவது வெல்லம் காய்ச்சும் கொட்டகைதான். கரும்புச் சக்கையையே எரித்துக் கொப்பரையில் சாற்றைக் காய்ச்சி, சூடு ஆறுமுன் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். 2019-இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வெளியூர் மலிவு வெல்லமும் இதே பெயரில் விற்கப்படுவதால் உழைத்த விவசாயிக்கு உரிய விலை கிடைப்பதில்லை. ஆகவே சாலையோரக் கடையில் வாங்குவதைவிட, காய்ச்சும் இடத்திலேயே பார்த்து வாங்குங்கள். நாம் செய்யக்கூடிய சிறு உதவி அது.

மேலே காந்தலூரில் பூண்டும் ஆப்பிளும் விளைகின்றன. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2023-இல் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான தங்க விருதை இவ்வூருக்கு வழங்கியது. விருது வந்தால் கூட்டமும் வரும். முதுவர் குடிகளுக்குள் அனுமதியின்றி நுழையாமலும், கேட்காமல் படம் எடுக்காமலும், குப்பையை விட்டுவராமலும் இருந்தால் அந்த அமைதி நிலைக்கும்.

வயலில் நிற்கும் பெரியவரிடம் பிள்ளைகளையே பேசவிடுங்கள். "எந்த ஊரு, தம்பி?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல அவர்கள் தயாராக இருக்கட்டும்.