கடல் தடுத்த கொடுநோய்

மலேசியத் தோட்டங்களில் ரப்பர் மரத்தைப் பற்றும் நோய்கள் பல. வெள்ளை வேர் நோய் மண்ணுக்குள் பரவி மரத்தைச் சாய்க்கும். இளஞ்சிவப்பு நோய் கிளைகளைப் பட்டுப்போகச் செய்யும். ஆயினும், இவற்றினும் கொடிய நோய் ஒன்று இந்நாட்டில் இன்னும் கால் வைக்கவில்லை. அதுவே தென்னமெரிக்க இலைக்கருகல் நோய்.

இந்நோய் ஒருவகைப் பூசணத்தால் உண்டாவது. முற்றிய இலையை விட்டுத் தளிரையே அது நாடும். தளிரில் புள்ளிகள் தோன்றும். இலை சுருண்டு உதிரும். மரம் மீண்டும் துளிர்க்கும். பூசணமும் மீண்டும் தாக்கும். இவ்வாறு பன்முறை இலையிழந்த மரம் உணவு ஆக்க வகையின்றி, கிளை நுனி காய்ந்து, நாளடைவில் பட்டுவிடும்.

ரப்பர் மரத்தின் தாயகமாகிய அமேசான் காடே இப்பூசணத்திற்கும் தாயகம். அங்ஙனமாயின் காட்டு மரங்கள் பிழைத்தது எவ்வாறு? அங்கே ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்கின்றன. இடையில் பிற மரங்கள் செறிந்திருப்பதால் நோய் எளிதில் தாவுவதில்லை. வரிசையாக நெருக்கி நட்ட தோட்டத்திலோ அத்தடை இல்லை.

இவ்வுண்மையைப் பெரும்பொருள் இழந்து கண்டவர் கார்த் தொழிலதிபர் ஹென்றி போர்டு. பிரேசிலின் தப்பசோஸ் ஆற்றங்கரையில் 1928இல் அவர் 'போர்டுலாந்தியா' தோட்டத்தைத் தொடங்கினார். மரங்கள் வளர்ந்து கிளைகள் கூடியதும் இலைக்கருகல் பரவியது. 1934இல் பெல்டெர்ராவில் மற்றொரு தோட்டம் அமைத்தும் நோய் விடவில்லை. 1945இல் இரண்டும் பிரேசில் அரசின் கைக்குத் திரும்பின.

அதே ஆற்றுப் பகுதியிலிருந்துதான் 1876இல் ஹென்றி விக்காம் ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு கியூவிலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரம் கடல் கடந்தது, நோய் கடக்கவில்லை. தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தோட்டங்கள் தழைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, இங்குள்ள மரங்களைக் காத்து வருவது அவற்றின் வலிமையன்று, இடையிலுள்ள தொலைவே. மிகுந்த பாலுக்கெனத் தேர்ந்து ஒட்டுக் கட்டிய மரங்களுள் பெரும்பாலானவை இந்நோயைத் தாங்கும் ஆற்றல் அற்றவை. அத்தொலைவையோ விமானம் சுருக்கிவிட்டது. பூசண வித்துகள் உடையிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு சில நாள் உயிருடன் இருக்கவல்லவை. இதனாலேயே 1956இல் இவ்வட்டார நாடுகள் செய்துகொண்ட பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்நோய்க்கெனத் தனி விதிகள் இடம்பெற்றன. தென்னமெரிக்காவிலிருந்து திரும்பும் பயணி ஓர் இலையையும் கொணராதிருப்பதும், உடையையும் காலணியையும் தூய்மை செய்வதும் சிறு செயல்களே. ஆனால் நோய் ஒருமுறை நுழைந்துவிட்டால் அதனை வெளியேற்றுவது அரிது.