சிவப்பு தெரியாத கண்ணாடி

திருவொற்றியூர் வாசகர் ஒருவர் படம் ஒன்றை அனுப்பி, ‘இது அசல் வண்ணம்தானா?’ என்று கேட்டிருக்கிறார். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் போட்ட குண்டில் சென்னைத் துறைமுகத்தில் பற்றி எரிந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளின் படம். தீ ஆரஞ்சாகவும் வானம் நீலமாகவும் இருக்கிறது. எம்டன் கதை வடசென்னையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் நேரே படத்துக்கு வருகிறேன். அது அசல் வண்ணம் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ கம்ப்யூட்டரில் பூசியது.

அன்று பெரும்பாலான போட்டோகிராபர்கள் படம் பதித்த கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. நீல ஒளி பளிச்சென்று பதியும், சிவப்பு பதியாது. ஸ்டூடியோ இருட்டறையில் தைரியமாகச் சிவப்பு பல்பு போட்டதும் அதனால்தான். இப்படிப்பட்ட தகட்டில் நீல வானம் வெளுத்துவிடும். தீயின் செம்மை புகையோடு புகையாகக் கறுத்துவிடும். தகடு பார்க்காத நிறத்தைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து எடுக்கும்? மற்ற படங்களைப் பார்த்த பழக்கத்தில் ஊகிக்கிறது.

ஆனால் வண்ணப்படம் அப்போதே இருந்தது! பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்கு விட்ட ஆட்டோகுரோம் தகடு. மூலப்பொருள் உருளைக்கிழங்கு மாவு. மாவின் நுண்துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதாச் சாயம் ஏற்றிக் கலந்து, கண்ணாடியில் ஒரே அடுக்காகப் பரப்பி, இடுக்குகளைக் கரித்தூளால் அடைத்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால், மார்கழியில் எங்கள் தெருக்கோலங்கள் மிதிபட்டுக் கலந்து கிடப்பது போலத் தெரியும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் புள்ளிகள் கூடி முகமாகும், சுவராகும்.

இந்த மாவே வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நல்ல வெயிலிலும் ஒரு விநாடியாவது லென்ஸ் திறந்திருக்க வேண்டும். ஓடுகிற சிப்பாய் வெறும் தீற்றலாகிவிடுவான். அதனால் 1917-இல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் பிரெஞ்சு ராணுவ போட்டோகிராபர் ஃபெர்னாண்ட் குவில் வண்ணத்தில் எடுத்தவை இடிந்த கட்டடங்கள், பொம்மையோடு உட்கார்ந்திருக்கும் சிறுமி. முதல் உலகப் போர் வண்ணத்தில் அவ்வளவு அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் அந்த ஒரு விநாடிதான்.

வண்ண ஃபிலிம் வேகமான பிறகே, வண்ணமா கறுப்பு வெள்ளையா என்று போட்டோகிராபர் முடிவுசெய்ய முடிந்தது. வியட்நாம் போரில் போட்டோகிராபர் லாரி பரோஸ் வண்ணத்தை எடுத்துக்கொண்டார். 1966-இல் அவர் எடுத்த படத்தில், தலையில் கட்டோடு ஒரு வீரர் காயம்பட்ட தோழரை நோக்கி வருகிறார். அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ரத்தமும் செஞ்சேறும் ஒன்றாகிவிடும். கறுப்பு வெள்ளைதான் கனமானது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதுவானாலும், எடுத்தவர் அறிந்து எடுத்த முடிவு அது. பின்னால் வருகிறவர்கள் அதை மாற்றிவிட்டு அசல் என்று பரப்புவது தவறு. வண்ணம் பூசினால், பூசியது என்று படத்தின் கீழேயே எழுதுங்கள்.

ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் கண்ணாடித் தகடுகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். பளபளப்பில்லாத பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அதைத் துடைக்காதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். காயலாங்கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.