குரல் மாறிய வேடம்

ஓரிரவு, வடமராட்சியிலுள்ள என் பெரியம்மா வீட்டுக்குச் சென்றிருந்தேன். சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’ தொடர் நடந்துகொண்டிருந்தது. ஆதி குணசேகரன் என்னும் அடங்காப்பிடாரிக் குடும்பத்தலைவன் திரையில் தோன்றியதும் பெரியம்மா கண்களை மூடிக்கொண்டார்.

“முகம் மாறினது பறவாயில்லைத் தம்பி. அந்தக் குரலைத்தான் காணேல்லை” என்றார்.

அக்குரலுக்குரியவர் மாரிமுத்து. ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய திரைப்படங்களை இயக்கியவர். 2022 பெப்ரவரியில் ஆரம்பமான இத்தொடரே அவர் குரலை வீடுதோறும் கொண்டுசென்றது. 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி காலை, சென்னையில் இதே தொடருக்குக் குரல்பதிவு செய்துகொண்டிருக்கையில் உடல்நலங் குன்றி வைத்தியசாலைக்குச் சென்றவர், மீளவில்லை. அவர் கடைசியாகச் செய்த தொழில், குணசேகரனுக்குக் குரல் கொடுத்ததே.

இயக்குநர் திருச்செல்வம் அவ்வேடத்தை வேல ராமமூர்த்தியிடம் ஒப்படைத்தார். ‘குற்றப் பரம்பரை’ நாவலின் ஆசிரியராக அவரை நம்மிற் பலர் முன்னரே அறிவோம். அவருக்கென ஒரு முகமும் ஒரு குரலும் இருந்தன, அவற்றோடேயே வந்தார். 2024 ஜூனில் தொடர் நிறைவெய்தியது.

மனிதர் நடிக்கும் தொடரில் இது இயலும். சித்திரங்கள் நடிக்கும் கார்ட்டூன் தொடரில் சிக்கல் வேறு. சித்திரத்துக்கு முதுமையில்லை, மரணமுமில்லை. குரல் கொடுத்தவர் மட்டுமே மறைகிறார். ஜப்பானில் ‘சிபி மாருகோ-சான்’ தொடரின் சிறுமிக்கு 1990 முதல் குரலாயிருந்த தராகோ, 2024 மார்ச்சில் காலமானார். அடுத்த மாதமே கிக்குச்சி கொக்கோரோ அக்குழந்தைக்குக் குரலானார். முகம் அதுவே இருக்க, நாவை மட்டும் மாற்ற வேண்டிய நிலை! அமெரிக்காவின் ‘சிம்ப்ஸன்ஸ்’ குழுவினரோ வேறு வழி கண்டனர். ஆசிரியை பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த மார்ஸியா வாலஸ் 2013இல் மறைந்தபோது, அந்த ஆசிரியைக்கே ஓய்வளித்தனர். தண்டனையாகக் கரும்பலகையில் ஒரே வரியைப் பலமுறை எழுதும் குறும்புக்கார மாணவன், அவ்வாரம் அவர் இல்லாத குறையை ஒரே ஒரு முறை எழுதினான். கரும்பலகையோடு வாழ்ந்த நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழியொன்றும் இன்று திறந்திருக்கிறது. 2024இல் வெளியான ‘லால் சலாம்’ படப்பாடலொன்றில் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார்.

இதனை நான் கூறியதும் பெரியம்மா கண் திறந்தார். “அப்ப, உன்ரை பெரியப்பாவையும் பாட வைக்கலாமோ?”

பெரியப்பா, காத்தவராயன் கூத்திலே பிற்காத்தானாகப் பாடியவர். முத்துமாரியம்மனுக்கு நேர்ந்து இரவிரவாக ஆடும் அச்சிந்துநடைக் கூத்தில், காத்தான் வேடத்தைத் தனியொருவர் சுமப்பதில்லை. பாலகக் காத்தான் முதல் கழுவேறும் காத்தான் வரை பலர் பகிர்ந்து ஆடுவர். ஓராள் உள்ளே செல்ல, வேறு முகமும் வேறு குரலுமாய் அதே காத்தான் வெளியே வருவான். சபையோர் ஆட்சேபித்ததில்லை.

“பாட வைக்கலாம். விருப்பமோ பெரியம்மா?” என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். “அவர் செத்த அடுத்த வரியம் ஒரு பொடியன் பிற்காத்தானுக்கு வந்தவன். நான் கடைசியிலை ஒதுங்கி இருந்து பாத்தன். அவன் அவரைப் போலப் பாடியிருந்தா எழும்பிப் போயிருப்பன். அவன் தன்ரை குரலிலை பாடினான். அதாலை விடியுமட்டும் இருந்தன்.”

ஆதரவாளர்க்காகப் பழைய குரலை அப்படியே மீட்டுத் தருவது அன்பின் செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அச்சு அசலான ஒப்பொலி, போனவர் போகவில்லை என்று பொய் சொல்கிறது. தன் குரலோடு வருபவனோ, ஓர் இடம் வெறிதாயிற்று என்பதை ஒப்புக்கொண்டு, அவ்விடத்தில் நின்று பாடுகிறான். வேடம் ஊருக்குரியது, குரல் ஒருவருக்கே உரியது.

திரையிலே புதிய குணசேகரன் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா கதிரையை முன்னே இழுத்துக்கொண்டார்.

“சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடு தம்பி. இந்த மனிசன் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம்.”